ஒரு பருவம் அயல்நாட்டில்
(திருவிழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அயல்நாட்டில் பட்டம் பெறுவதென்பது இன்று எந்தக் குடும்பத்துக்கும் புதிய செய்தி அன்று. வங்கிக் கடன் பெற்றும் நிலத்தை ஈடு வைத்தும் மக்களை அனுப்பிய இல்லங்கள் ஊர்தோறும் உள்ளன. ஆயின், அதனினும் சிறியதாய், செலவிலும் குறைந்ததாய், பலராலும் சரிவர அறியப்படாததாய் மற்றொரு வழியும் உண்டு. உள்ளூர்க் கல்லூரியிலேயே சேர்ந்து, அதன் கட்டணத்தையே செலுத்தி, நான்காண்டுப் படிப்பில் ஒரே ஒரு பருவத்தை, அதாவது ஒரு செமஸ்டரை மட்டும், அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பயின்று, திரும்பி வந்து உள்ளூர்க் கல்லூரியின் பட்டத்தையே பெறுவது அவ்வழி. இதனைப் பரிமாற்ற மாணவர் முறை என்பர். இங்கிருந்து ஒருவர் அங்குச் செல்வார். அங்கிருந்து ஒருவர் இங்கு வருவார். இரு நிறுவனங்களும் தத்தம் மாணவரிடமே கட்டணம் பெறும். வந்தவரிடம் பயிற்றுக் கட்டணம் கேளா. பண்டமாற்றின் எளிமை இதில் உண்டு. எனினும் இவ்வெளிய ஏற்பாடு உருப்பெற எண்ணூறு ஆண்டுகள் ஆயின. ஓர் இளம்பெண் பலர் முன்னிலையில் தலைகுனிந்து நின்ற நாளும் அதற்குத் தேவைப்பட்டது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோன்யா நகரில் சட்டம் பயில ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்தும் மாணவர் வந்தனர். அந்நாளில் வேற்றுநாட்டு மாணவனுக்குப் பெரிய அச்சம் வழிப்பறி மட்டும் அன்று. அவன் நாட்டவன் எவனோ அந்நகர வணிகனிடம் கடன் பட்டு ஓடியிருப்பான். அந்தக் கடனுக்காக ஒன்றும் அறியாத மாணவனைப் பிடித்து வைப்பார்கள். அந்நூற்றாண்டின் நடுவில் பேரரசர் முதலாம் பிரெடெரிக் 'ஹபீட்டா' எனப்படும் ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். கல்வியின் பொருட்டுப் பயணம் செய்வோர் அச்சமின்றிச் சென்று தங்கலாம். பிறர் கடனுக்கு அவர்களைப் பொறுப்பாக்குதல் கூடாது. அவர்கள்மீது வழக்கு எழுந்தால் தம் ஆசிரியர் முன்போ நகர ஆயர் முன்போ அதனைத் தீர்த்துக்கொள்ளலாம் என்பன அதன் சாரம். இன்று மாணவர் கடவுச்சீட்டில் ஒட்டப்படும் விசாவுக்கு மூதாதை எது என்று கேட்டால் இந்த ஆணையைக் காட்டலாம்.

அவ்வாறு ஊர் ஊராகச் சென்று கற்றவர்களில் பெரும்புகழ் பெற்றவர் எராசுமசு. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பிறந்து, பாரிசில் பயின்று, 1506ஆம் ஆண்டு இத்தாலியின் தூரின் நகரில் முனைவர் பட்டம் பெற்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கற்பித்து, 1536ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மறைந்தவர். பாரிசில் அவர் தங்கிய மோந்தேகு கல்லூரி விடுதியின் அழுகிய முட்டைகளையும் அழுக்கடைந்த அறைகளையும் அவர் ஆயுள் முழுதும் மறக்கவில்லை. பிற்காலத்து நூலிலும் அதனை எழுதிவைத்தார். விடுதி உணவைப் பற்றிய மாணவர் முறையீடு ஐந்நூறு ஆண்டுப் பழைமை உடையது என்பதைப் பெற்றோர் அறிந்துகொண்டால், தொலைபேசியில் அதனைக் கேட்கும்போது மனம் சற்று அமைதியுறும்.

ஆயினும் இவர்கள் யாவரும் சென்றவர்களே தவிர, இன்றைய பொருளில் பரிமாற்ற மாணவர் அல்லர். வீட்டுக் கல்லூரியின் பட்டத்துக்குள் வெளிநாட்டுப் படிப்பைப் பொருத்துதல் என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டில்தான் வடிவம் பெற்றது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் கிர்க்பிரைட் என்றோர் இளம் பேராசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் பிரான்சில் போர்ப்பணி ஆற்றியவர். நாடுகள் ஒன்றையொன்று அறியாமையே அழிவுக்கு வித்து என்னும் எண்ணத்தோடு திரும்பியவர், மூன்றாம் ஆண்டு மாணவரைப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்று பல்கலைக்கழகத் தலைவர் வால்டர் ஹலிஹனிடம் வேண்டினார். தலைவர் இசைந்தார், ஆனால் பல்கலைக்கழகப் பணம் கிடைக்கவில்லை. பியர் டூபான்ட் முதலிய தனியார் சிலர் பொருள் உதவினர். 1923ஆம் ஆண்டு சூலைத் திங்களில் எட்டு மாணவர் 'ரோஷாம்போ' என்னும் கப்பலில் ஏறினர். நான்சி நகரில் முதலில் மொழி பயின்று, பின்னர் பாரிசு சென்றனர். பிரெஞ்சுக் குடும்பங்களோடு அவர்கள் தங்கவைக்கப்பட்டனர். அங்குப் பயின்ற ஓராண்டு, இங்குப் பயின்ற மூன்றாம் ஆண்டாகவே கணக்கில் கொள்ளப்பட்டது. கப்பல் ஏறியவர் எண்மரே. ஆயினும் இவ்வொரு விதிதான் முழு மாற்றத்துக்கும் அடிப்படை. கணக்கில் கொள்ளப்படாவிடில் அது சுற்றுலா. கொள்ளப்பட்டால் அது கல்வி.

இவ்விதி இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதைச் சோபியா கொர்ராதியின் வாழ்க்கை காட்டும். 1934ஆம் ஆண்டு உரோம் நகரில் பிறந்த இவர், அந்நகரின் சபியென்சா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றுகொண்டிருந்தபோது அமெரிக்காவின் புல்பிரைட் உதவித்தொகை பெற்று நியூயார்க் சென்றார். அவ்வுதவித்தொகையின் தோற்றமும் கேட்கத் தக்கது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெளிநாடுகளில் எஞ்சிக் கிடந்த அமெரிக்கப் போர்த் தளவாடங்களை விற்ற பணத்தில் மாணவரையும் அறிஞரையும் நாடு மாற்றிப் பயிலச் செய்யலாம் என்று செனட்டர் புல்பிரைட் கொணர்ந்த சட்டம், 1946ஆம் ஆண்டு நிறைவேறியது. கொல்லும் கருவி கல்விக் கொடையாக மாறிய அருமையான நிகழ்வு அது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1957–58இல் ஓராண்டு பயின்று முதுகலைப் பட்டத்தோடு கொர்ராதி உரோம் திரும்பினார். அமெரிக்காவில் எழுதிய தேர்வுகளைத் தம் இத்தாலியப் பட்டத்துக்குக் கணக்கில் கொள்ளுமாறு பல்கலைக்கழக அலுவலகத்தில் விண்ணப்பித்தார். அலுவலர் மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல், மற்ற மாணவர் கேட்கும்படி, வெளிநாட்டில் பொழுதுபோக்கித் திரும்பிவிட்டு அதற்கு மதிப்பும் கேட்கிறாயா என்ற பொருளில் அவரைக் கடிந்துகொண்டார். இதனைக் கொர்ராதியே பிற்காலத்தில் பேட்டிகளில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். முதுகலைப் பட்டம் கையில் இருந்தும், இளநிலைப் படிப்பை முடிக்க அவர் மேலும் ஓராண்டு செலவிட நேர்ந்தது.

அவ்விடத்தில் அழுதுவிட்டு அமைந்திருப்பின் எவரும் குறை கூறியிருக்க மாட்டார். சினங்கொண்டு அந்த அலுவலரோடு வழக்காடியிருந்தாலும் வியப்பில்லை. அவர் செய்தது வேறு. தம் ஒருவருக்கு நேர்ந்த இடர் விதியின் குறையால் நேர்ந்தது. விதி மாறாதவரை அடுத்தவருக்கும் நேரும் என்று கண்டார். இத்தாலியப் பல்கலைக்கழகத் தலைவர்களின் கூட்டமைப்பில் ஆலோசகராகப் பணி கிடைத்தபோது, 1969ஆம் ஆண்டு ஒரு குறிப்பாவணம் எழுதினார். மாணவர் தம் படிப்பின் ஒரு பகுதியை வெளிநாட்டில் பயிலலாம். தம் துறையினர் முன்கூட்டியே இசைவளித்த பாடத்திட்டத்தின்படி பயின்றால், அத்தேர்வுகள் வீட்டுப் பல்கலைக்கழகத் தேர்வுகளாகவே ஏற்கப்பட வேண்டும் என்பது அதன் உட்பொருள். அக்கருத்து இத்தாலிய நாடாளுமன்றத்துக்கு வந்த சட்ட முன்வரைவிலும் இடம்பெற்றது. அந்த முன்வரைவு சட்டமாகவில்லை. ஆயினும் அவர் சோரவில்லை. மாநாடு மாநாடாகச் சென்று, அமைச்சர்களையும் துணைவேந்தர்களையும் கண்டு, ஒரே பக்கத்தைப் பல ஆண்டுகள் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தார். 1976ஆம் ஆண்டு ஐரோப்பியக் கல்வியமைச்சர்கள் கூட்டுப் படிப்புத் திட்டம் ஒன்றுக்கு இசைந்தனர். பத்தாண்டுகள் சிறிய அளவில் அது நடந்தது.

பெருந்திட்டம் பிறந்த கதை அரசியல் நிறைந்தது. ஐரோப்பிய ஆணையம் மூன்றாண்டுகளுக்கு 17.5 கோடி எக்யூ கேட்டது. எக்யூ என்பது யூரோவுக்கு முந்தைய கணக்குப் பணம். உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் அத்தொகையை வெட்டிச் சுருக்கினர். சினந்த ஆணையம் 1986ஆம் ஆண்டின் இறுதியில் திட்டத்தையே திரும்பப் பெற்றது. அப்போது பிராங்க் பியாங்கெரி என்னும் இளைஞர் தொடங்கிய மாணவர் அமைப்பு, பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மித்தரானை நேரில் அணுகி அவர் ஆதரவைப் பெற்றது. ஆணையத்தின் உள்ளே இருந்து பாடுபட்டவர்களில் வேல்சு நாட்டவரான ஹைவெல் செரி ஜோன்சும், இத்தாலியிலிருந்து பெல்ஜியத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தில் வளர்ந்த தொமெனிகோ லெனார்துச்சியும் குறிக்கத் தக்கவர். இறுதியில் 8.5 கோடி எக்யூவோடு 1987 சூன் 15ஆம் நாள் திட்டம் ஏற்கப்பட்டது. நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் எராசுமசு என்று வரும்படி அதற்குப் பெயர் சூட்டினர். முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர் சென்றனர். இன்று அதன் பயனைப் பெற்றோர் ஒரு கோடிக்கும் மேல். கொர்ராதியை ஐரோப்பியர் 'எராசுமசு அன்னை' என்றே அழைத்தனர். 2016ஆம் ஆண்டு இசுபானிய அரசர் கையால் ஐந்தாம் கார்லோசு ஐரோப்பிய விருது பெற்ற அவர், 2025 அக்டோபரில் உரோம் நகரிலேயே, 91ஆம் அகவையில் மறைந்தார். மறுத்த அலுவலரின் பெயர் எங்கும் இல்லை.

இனி இம்முறை நடைபெறும் வகையைக் காண்போம். இங்கே பெற்றோரும் மாணவரும் சற்றுக் கூர்ந்து கேட்டல் நலம்.

இருநாட்டுப் படிப்பையும் ஒரே தராசில் நிறுக்க ஐரோப்பியர் 1989ஆம் ஆண்டு முதல் ஒரு மதிப்பலகு முறையைச் சோதித்துப் பார்த்தனர். முதலில் வணிக மேலாண்மை, வேதியியல், வரலாறு, இயந்திரப் பொறியியல், மருத்துவம் ஆகிய ஐந்து துறைகளே. இன்று அது ஐரோப்பா முழுதும் பரவியுள்ளது. ஓராண்டுக்கு 60 கிரெடிட். ஒரு பருவத்துக்கு 30. ஒரு கிரெடிட் என்பது மாணவர் உழைக்கும் 25 முதல் 30 மணி நேரம். வகுப்பில் அமர்ந்த நேரம் மட்டுமன்று. நூலகத்தில் படித்ததும், கட்டுரை எழுதியதும், தேர்வுக்கு ஆயத்தமானதும் அதில் அடங்கும். இந்தியாவின் தேசிய மதிப்பலகுக் கட்டமைப்பில் ஆண்டுக்கு 40 கிரெடிட், பருவத்துக்கு 20. ஆகவே அங்கு 30 என்பது இங்கு ஏறத்தாழ 20. இவ்வெளிய வகுத்தலை அறியாமல் இடர்ப்படுவோர் உண்டு. அங்கே சென்றவர், வாரத்துக்கு வகுப்பு நேரம் குறைவாக உள்ளதே என்று மகிழ்ந்து 18 கிரெடிட்டுக்கு மட்டும் பாடம் எடுத்தால், திரும்பி வரும்போது கையில் 12 தான் இருக்கும். எஞ்சிய 8 கிரெடிட்டையும் இறுதியாண்டுச் சுமையோடு சேர்த்துச் சுமக்க வேண்டும். எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்பதை முடிவு செய்யும் உரிமை வீட்டுக் கல்லூரிக்கே உரியது. ஆகவே எந்த மாற்றுக் கணக்கும் அக்கல்லூரி எழுத்தில் ஏற்றபின்பே உண்மையாகும்.

அதற்கென்றே உள்ள ஆவணம் பயில் ஒப்பந்தம். மாணவர், வீட்டுக் கல்லூரி, ஏற்கும் பல்கலைக்கழகம் ஆகிய மூவரும் கையொப்பமிடுவது. அங்குப் பயிலப்போகும் பாடங்கள் ஒரு பக்கம். இங்கு அவற்றுக்கு ஈடாகும் பாடங்கள் மறுபக்கம். அங்குச் சென்றபின் ஒரு பாடம் நிரம்பிவிட்டதென்றோ, அந்நாட்டு மொழியில்தான் நடக்குமென்றோ தெரியவருவது மிக இயல்பு. அப்போது மாற்றுப் பாடத்தை எடுத்துக்கொண்டு, பின்னர்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுதல் கூடாது. அதே வாரத்தில் ஒப்பந்தத்தைத் திருத்தி மீண்டும் மூவர் கையொப்பமும் பெற வேண்டும். துறைத் தலைவர் வாய்மொழியாகச் சரி என்றார் என்பது ஓராண்டு கழித்துத் தேர்வுப் பிரிவு அலுவலகத்தில் செல்லாது; அதற்குள் துறைத் தலைவரே மாறியிருக்கவும் கூடும். கொர்ராதி பட்டது இந்த ஒரு தாள் இல்லாத குறையே.

இந்தியாவிலும் விதிகள் தளர்ந்துள்ளன. பல்கலைக்கழக மானியக் குழு 2021ஆம் ஆண்டு கல்வி மதிப்பலகு வங்கியை ஏற்படுத்தியது. 2022ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள், 'ட்வின்னிங்' எனப்படும் இணைப்படிப்பில் மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காடு வரை அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஈட்டலாம் என்றன. பட்டம் அளிப்பது இந்திய நிறுவனமே. எராசுமசு திட்டமும் 2015ஆம் ஆண்டு முதல் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மாணவருக்குத் திறந்துள்ளது. ஆனால் மாணவர் தாமே விண்ணப்பிக்க இயலாது. அவர் கல்லூரிக்கும் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கும் உடன்படிக்கை இருத்தல் வேண்டும். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரி தேடும்போது, கட்டடத்தையும் பேருந்து வசதியையும் கேட்பதோடு, எந்தெந்தப் பல்கலைக்கழகங்களோடு நடைமுறையில் உள்ள பரிமாற்ற உடன்படிக்கை உண்டு, சென்ற ஆண்டு எத்தனை மாணவர் சென்றனர் என்றும் கேட்க வேண்டும். சுவரில் மாட்டிய கையொப்பப் படங்கள் விடையாகா.

காலக் கணக்கும் பலரை வருத்துவது. செருமனியில் குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரியில் முடியும். தேர்வு அதற்கும் பின்னர் வரலாம். இங்கோ இரட்டைப்படைப் பருவம் பெரும்பாலும் சனவரிக்குள் தொடங்கிவிடும். இந்த இடைவெளியை எவ்வாறு நிரப்புவது என்று புறப்படும் முன்பே தீர்மானிக்காதவர், வருகைப் பதிவுக் குறைவில் வந்து நிற்பார். சுவீடனில் பருவம் ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ தொடங்கிச் சனவரி நடுவில் முடிவது இவ்வகையில் சற்று எளிது. அங்கே பெரும்பாலும் எல்லாப் பாடங்களையும் ஒருசேரப் படிப்பதில்லை. ஓரிரண்டை எடுத்து, முடித்து, தேர்வெழுதி, அடுத்ததற்குச் செல்வர்.

செலவைப் பற்றி மறைப்பின்றிப் பேச வேண்டும். பயிற்றுக் கட்டணம் இல்லை என்பது மெய். வாழ்க்கைச் செலவு இல்லை என்பது மெய்யன்று. மாணவர் விசாவுக்குச் செருமனி 2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ வீதம் கையிருப்புக் காட்டக் கேட்கிறது. வானூர்திக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, குளிருடை, அறைக்கு முன்பணம் ஆகியன தனி. உதவித்தொகை பெற்றவர் தாங்குவர். பெறாதவர் தந்தையின் சேமிப்பைத் தொட வேண்டும். தகுதி உடையவர் அனைவரும் செல்வதில்லை, வசதி உடைய தகுதியாளரே செல்கின்றனர் என்னும் குறை ஐரோப்பாவிலேயே தொடக்கம் முதல் சொல்லப்பட்டு வருகிறது. அக்குறை நேர்மையானது. டெலவேரின் எட்டு மாணவர் கப்பலேறியதும் கொடையாளர் சிலர் முன்வந்ததால்தான் என்பதை இவ்விடத்தில் மீண்டும் எண்ணிப்பார்க்கலாம். கல்வி நிதி வழங்கும் அறக்கட்டளைகள் கட்டணத்துக்கு மட்டுமே உதவி என்று விதி வைத்திருந்தால், பரிமாற்ற மாணவருக்கு அவை ஒரு காசும் தர இயலாது. ஏனெனில் அவருக்குத் தேவை கட்டணம் அன்று, ஐந்து மாத உணவும் உறைவிடமும்.

உணவு என்றதும் தாய்மார் முகத்தில் தோன்றும் வினாவுக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஒவ்வாமை தரும் 14 பொருள்களைப் பொதியுணவின் உறையில் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். முட்டை, மீன், பால் ஆகியன அவற்றுள் அடங்கும். ஆகவே முட்டை கலந்ததா என்பதை மொழி தெரியாதவரும் அடர்ந்த எழுத்தைப் பார்த்துக் கண்டுகொள்ளலாம். அந்நாட்டு மொழியில் முட்டைக்குரிய சொல்லை மட்டும் அறிந்திருந்தால் போதும். ஆனால் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் செலட்டின் அப்பட்டியலில் இல்லை. தயிர்வகையிலும் இனிப்பிலும் அது இருக்கக்கூடும். சிறிய எழுத்தையும் படிக்க வேண்டும். பாலாடைக்கட்டியைத் திரட்டக் கன்றின் இரைப்பைச் சாறு சேர்ப்பதும் உண்டு. ஆகவே காய்கறி உணவு என்ற குறியைவிட, பாலும் முட்டையும் அற்ற 'வீகன்' என்ற குறியே பல்கலைக்கழக உணவகங்களில் நம்பத் தக்கது. கிழங்கு நீக்குதல்தான் கடினம். உருளைக்கிழங்கும் வெங்காயமும் இல்லாத தட்டு வட ஐரோப்பாவில் அரிது. தாமே சமைப்போருக்கு மாணவர் விடுதிகளில் பொதுச் சமையலறை இருக்கும். ஒரு சிறிய குக்கரும் பருப்பும் அரிசியும் பாதித் துன்பத்தைத் தீர்க்கும்.

இரவுண்ணாமை காப்போர்க்கு வேறோர் எதிர்பாராத கணக்கு உண்டு. ஸ்டாக்ஹோமில் திசம்பர் நடுவில் கதிரவன் பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே மறைந்துவிடும். சூன் இறுதியில் இரவு பத்து மணிக்கும் ஒளி இருக்கும். காலை வகுப்பும் பிற்பகல் ஆய்வகமும் உள்ள மாணவர் குளிர்காலத்தில் நண்பகல் உணவையே நாளின் இறுதி உணவாகக் கொள்ள நேரும். அது இயலுமா, உடல் தாங்குமா என்பதைப் புறப்படுவதற்கு முன்பே குடும்பத்தார் கூடிப் பேசிக்கொள்ளல் வேண்டும். சென்றபின் அம்மாணவர் தனியே இருந்து முடிவெடுத்து, அதனை வீட்டாரிடம் சொல்ல அஞ்சி மறைக்கும் நிலை வருமாயின், அது உணவைவிடப் பெரிய சுமை. சூழலைக் கருதிப் பருவத்தைத் தேர்ந்தெடுக்கவும் கூடும். ஏப்ரலில் தொடங்கும் கோடைப் பருவம் இவ்வகையில் இணக்கமானது.

இறுதியாக ஒன்று. மகனோ மகளோ திரும்பி வந்து, பெட்டியைப் பிரித்து, கதைகளைச் சொல்லி முடித்தபின்னும் அப்பருவம் முடிவதில்லை. தேர்வு முடிவுகள் வெளியான ஐந்து வாரங்களுக்குள் மதிப்பெண் சான்றிதழை அனுப்புதல் ஐரோப்பிய நெறி. அது வந்து, துறையில் ஒப்புநோக்கி, தேர்வுப் பிரிவில் பதிவாகும் வரை மாணவரின் பட்டியலில் அப்பருவம் வெற்றிடமாகவே இருக்கும். வளாக நேர்காணல் நடைபெறும் மாதமும் பெரும்பாலும் அதுவே. ஆகவே பயில் ஒப்பந்தத்தின் கையொப்பமிட்ட படி ஒன்றையும், அங்கிருந்து புறப்படும் நாளில் பெறும் வருகைச் சான்று ஒன்றையும், பாடத்திட்டங்களின் அச்சுப்படிகளையும் மாணவர் தம் கைப்பையிலேயே கொண்டுவர வேண்டும், பெட்டியில் அன்று.